நாங்கள் சிந்தாத கண்ணீரை எங்கள் கதைகளில் எழுதாதீர்கள்: ஒரு திறந்த மடல்

திட்டமிடாத கருத்தரிப்பு, கருக்கலைப்பு ஆகியவை குறித்த சமூகத்தின் பார்வையை மாற்றும் நோக்கத்துடன் பெண்களின் சொந்த அனுபவங்களைத் திரட்டி வெளியிட்டுவரும் ஆசிரியர்களுக்கும் பரப்புரை அமைப்பினருக்கும்:

உங்களுள் ஓர் அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் என் அனுபவத்தை எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் முன் ஒப்புதலுக்காக அது என்னிடம் திரும்பி வந்தபோது, நான் எழுதிய ஒரு வரி அதில் இல்லை. நான் எழுதாத ஒரு வரி அதில் இருந்தது. கருக்கலைப்பு முடிந்தபின் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருந்தேன், அது நீக்கப்பட்டிருந்தது. பிறக்காமல் போன குழந்தையை நினைத்து இன்றும் சில இரவுகளில் உறக்கம் வருவதில்லை என்ற வரி என் கதையின் முடிவில் சேர்க்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது, தயங்கி நிற்கும் வாசகர்களுக்கு முதலில் இரக்கம் பிறக்க வேண்டும், நிம்மதியடைந்த பெண்ணிடம் அவர்களுக்கு இரக்கம் பிறக்காது என்று பொறுப்பாசிரியர் விளக்கினார். அவர் பரிவோடுதான் பேசினார். நான் ஒப்புதல் தர மறுத்துவிட்டேன்.

எனக்கு மட்டும் நேர்ந்ததாக இருந்தால் இதை அந்த அலுவலகத்தோடு முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதே அமைப்பு தன் அடுத்த தொகுப்புக்கான அறிவிப்பில், வன்புணர்வால் உண்டான கரு, பிழைக்க வாய்ப்பில்லாத அளவுக்குக் குறைபாடுள்ள கரு, தாயின் உயிருக்கு ஆபத்து ஆகிய மூன்று சூழல்களில் கருவைக் கலைத்தவர்களின் அனுபவங்களை மட்டுமே ஏற்பதாக முடிவெடுத்திருக்கிறது. மற்றவர்களின் கதைகள் மக்களை விலக்கிவிடும் என்பது அந்த முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணம். இதே கருத்தை வேறு சில அமைப்புகளைச் சேர்ந்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தத் துறையில் உழைக்கும் நீங்கள் அனைவரும் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதால்தான் பொதுவெளியில் எழுதுகிறேன்.

நான் எழுதிக் கொடுத்தது மிகச் சாதாரணமான கதை. எனக்குத் திருமணமாகியிருந்தது, குழந்தையும் இருந்தது. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முன்பே முடிவு செய்திருந்தோம், அதற்கேற்பக் கருத்தடையும் செய்துகொண்டிருந்தோம். இருந்தும் நாள் தள்ளிப்போயிற்று. பரிசோதனையில் கரு உறுதியாயிற்று. என் கணவர், ‘சுமக்கப் போவது நீ. நீ சொல்வதுதான் முடிவு. எதுவானாலும் நான் கூட இருக்கிறேன்’ என்றார். மருத்துவர் மாத்திரைகள் தந்து, என்னென்ன நேரும், எப்போது அவரைக் கூப்பிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். வலி இருந்தது, இரத்தப்போக்கு இருந்தது, இரண்டும் அடங்கின. பிறகு நிம்மதி வந்தது. இதில் கொடியவன் ஒருவனும் இல்லை, மரணப்படுக்கை இல்லை, நீதிமன்றம் இல்லை. அதனால்தான் இந்தக் கதை அச்சேற வேண்டும் என்று நினைத்தேன். இதைப் படிக்கும் பெண்களில் பலருக்கு நேர்வது இதுதான்.

எண்களைப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 கோடியே 10 லட்சம் கருத்தரிப்புகள் திட்டமிடாதவை. மொத்தக் கருத்தரிப்புகளில் இது கிட்டத்தட்டப் பாதி. திட்டமிடாத கருத்தரிப்புகளில் 10க்கு 6 கருக்கலைப்பில் முடிகின்றன என்றும், ஆண்டுக்குச் சுமார் 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்புகள் நடக்கின்றன என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருத்தடை செய்துகொண்டால் கருவே தரிக்காது என்பதும் உண்மையன்று. ஆணுறையை மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் விதத்தில், ஓராண்டில் 100 பெண்களில் 13 பேர் வரை கருத்தரிக்கிறார்கள். ஒருமுறைகூடப் பிசகாமல் பயன்படுத்தினாலும் 2 பேர் கருத்தரிப்பார்கள். அந்த 13 பேரில் ஒருத்தியாக இருப்பது ஒழுக்கக்கேடும் இல்லை, காவியச் சோகமும் இல்லை. ஆனால் உங்கள் அறிவிப்பு அவளைப் பார்த்து, உன் கதை எங்களுக்கு உதவாது என்கிறது.

துயரக் கதைகளுக்கு ஆற்றல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆற்றல் எதுவரை செல்லும் என்பதை அயர்லாந்தில் நடந்தவை காட்டுகின்றன. 2012 அக்டோபரில், சவிதா ஹலப்பனவர் என்ற 31 வயதுப் பல் மருத்துவர், 17 வாரக் கருவைச் சுமந்த நிலையில், கரு பிழைக்காது என்று தெரிந்த பின்னும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, கால்வே நகரில் இரத்தத்தில் கிருமித்தொற்று பரவி இறந்தார். அந்த மரணம் ஒரு நாட்டையே உலுக்கியது. ஆனால் அதையடுத்து 2013இல் வந்த சட்டம், தாயின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் சான்றளித்தால் மட்டுமே கருக்கலைப்பை அனுமதித்தது. தற்கொலை எண்ணம் காரணமாக இருந்தால் மூன்று மருத்துவர்கள் ஒருமித்துச் சான்றளிக்க வேண்டியிருந்தது. ஒரு மரணத்தின் கதை, மரணத்தின் விளிம்பில் நிற்பவளுக்கு மட்டும் வழிவிட்ட சட்டத்தைத்தான் பெற்றுத் தந்தது.

அந்தச் சட்டத்துக்கும், கருக்கலைப்புத் தடையை நீக்குவது பற்றி 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்புக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பேசியவர்கள் யார் என்று பாருங்கள். பிழைக்காத கருவைச் சுமந்த பெற்றோர் பேசினார்கள். அவர்களின் பங்கு பெரிது. அவர்களோடு, எந்தப் பேரிடரும் நேராமல், வெறுமனே தாயாக விரும்பாத காரணத்தால் கப்பலேறியும் விமானமேறியும் அயல்நாடு போய்வந்து ஒருவரிடமும் வாய்திறக்காதிருந்த பெண்களும் பேசினார்கள். 1980க்குப் பின் அந்த நாட்டிலிருந்து பல காரணங்களால் கருக்கலைப்புக்காக அயல்நாடு சென்றவர்கள் 1,70,000 பேருக்கு மேல். வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் ஐரிஷ் அரசு ஒலிபரப்பு நிறுவனம் நடத்திய கணிப்பில், முடிவெடுக்கத் தூண்டியவை எவை என்ற கேள்விக்கு 43 விழுக்காட்டினர் ஊடகங்களில் வந்த சொந்த அனுபவக் கதைகளையும், 34 விழுக்காட்டினர் தமக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவத்தையும் குறிப்பிட்டார்கள். 66.4 விழுக்காடு வாக்குகளால் அரசியலமைப்புத் தடை அகன்றது. 2019 சனவரி முதல் 12 வாரம் வரை காரணம் கேட்காமலே கருக்கலைப்பு அங்கே கிடைக்கிறது. காரணம் கேட்காமலே என்பதைத்தான் உங்கள் தேர்வுக் குழு கவனிக்க வேண்டும். உங்கள் அறிவிப்போ காரணத்தைத்தான் முதலில் கேட்கிறது.

காரணம் சொல்லாமல் பேசுவதற்கு இன்னும் பழைய முன்மாதிரி உண்டு. 1969 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலச் சட்டமன்றக் குழுவொன்று கருக்கலைப்புச் சட்டச் சீர்திருத்தம் பற்றி வல்லுநர் கருத்துக் கேட்டபோது, சாட்சியாக அழைக்கப்பட்டவர்கள் 14 ஆண்களும் ஒரு கன்னியாஸ்திரியும். இதைக் கண்டித்த பெண்கள் அடுத்த மாதமே ஒரு தேவாலயக் கூடத்தில் தாங்களே கூடி, தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயாலேயே ஊரறியச் சொன்னார்கள். 1971 ஏப்ரல் 5 அன்று பிரான்சில் 343 பெண்கள், தாங்கள் கருக்கலைப்புச் செய்துகொண்டவர்கள் என்று பெயர் போட்டு ஒரு வார இதழில் அறிக்கை வெளியிட்டார்கள். பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவார் எழுதிய அந்த அறிக்கையில் நடிகை கத்தரீன் தெனவ் முதல் பெயர் அறியப்படாத பெண்கள் வரை கையெழுத்திட்டிருந்தார்கள். அப்போது கருக்கலைப்பு அங்கே தண்டனைக்குரிய குற்றம். ஆண்டுதோறும் பத்து லட்சம் பெண்கள் கருவைக் கலைக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தி என்று அறிவித்த அந்த அறிக்கை, 343 பேரில் எவர் எதற்காகக் கலைத்தார் என்று சொல்லவில்லை. யாருடைய கண்ணீரும் அதில் விவரிக்கப்படவில்லை. இரண்டே மாதங்களில் செருமனியில் 374 பெண்கள் அதே வழியில் பேசினார்கள். நான்காண்டுகளுக்குள், 1975 சனவரியில், பிரான்சில் கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அந்த மாற்றத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் இரக்கத்தைக் கோராமல் பேசினால் மக்கள் விலகிவிடுவார்கள் என்ற உங்கள் அச்சத்துக்கு அந்த வரலாற்றில் ஆதாரம் இல்லை.

உங்கள் முடிவு யாரைப் பாதிக்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்கு மிக நெருக்கமான ஒரு பெண், திருமணமாகாதவள், கருவுற்றபோது அதைக் கலைக்க விரும்பினாள். அவள் இருந்த இடத்தில் சட்டமும் அதற்கு இடம் தந்தது. ஆனால் அவள் படித்திருந்த அனுபவக் கதைகளில் எல்லாம் வன்முறையோ நோயோ மரணமோ இருந்தது. தனக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை, விரும்பியவனோடுதான் இருந்தேன், அப்படியிருக்க எந்த முகத்தோடு மருத்துவரிடம் போவேன் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட்டாள். தன் துயரம் போதாது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பை அவளுக்குள் விதைத்தவர்களில், அவளுக்கு உதவ வேண்டும் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். தொடக்க வாரங்களில் மாத்திரைகளோடு முடிந்திருக்கக்கூடியது, நாள் கடந்ததால் அவளுக்கு மருத்துவமனைச் சிகிச்சையாயிற்று. பாதுகாப்பாகவே முடிந்தது, ஆனால் அந்த வாரங்களில் அவள் பட்ட பாட்டுக்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை.

சமூகவியலாளர் சாரா கவன் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவில் தானாக நிகழும் கருச்சிதைவைவிடக் கருக்கலைப்பே அதிகம் நிகழ்ந்தாலும், தமக்குத் தெரிந்தவர்களிடையே கருச்சிதைவு நடந்ததைக் கேள்விப்பட்டவர்களே மிகுதியாக இருந்தார்கள். கருக்கலைப்பை எதிர்ப்பவர்களிடம் பெண்கள் அதைச் சொல்வது குறைவு. அதனால் எதிர்ப்பவர்கள் பலர் தம் வீட்டிலும் நட்பிலும் அப்படி ஒருத்தியும் இல்லை என்று நம்பிக்கொண்டே எதிர்க்கிறார்கள். அந்த நம்பிக்கையை உடைக்கக்கூடியது, அவர்களுடைய அக்காவைப் போல, உடன் வேலை செய்பவளைப் போல இருக்கும் ஒருத்தியின் கதைதான். மிக அரிதான பேரிடர்களையே நீங்கள் தேர்ந்தெடுத்து அடுக்கும்போது, கருக்கலைப்பு என்பது எங்கோ யாருக்கோ நேரும் ஒன்று என்ற எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது.

நான் எழுதாத அந்த உறக்கமில்லா இரவுகளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள், கருக்கலைப்புக்காக வந்த ஏறத்தாழ 1,000 பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து விசாரித்தார்கள். கருக்கலைப்புச் செய்துகொண்டவர்களுள் 95 விழுக்காட்டினர், தம் முடிவு தமக்குச் சரியானதே என்று முதல் மூன்றாண்டுகளில் கேட்கப்பட்ட ஒவ்வொரு முறையும் கூறினார்கள். வருத்தமும் குற்றவுணர்வும் கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள், ஆனால் அந்த உணர்வுகள் காலப்போக்கில் தணிந்தன. அவர்கள் மிகுதியாகச் சொன்ன உணர்வு நிம்மதிதான். மறுபுறம், கருக்கலைப்பு மறுக்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டவர்கள் பின்னர் பணக்கஷ்டத்தில் சிக்கியதும், வன்முறை செய்யும் துணையிடமிருந்து விலக முடியாமல் போனதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. ஆக, என் கதையிலிருந்து நீங்கள் வெட்டியது பெரும்பான்மையோரின் அனுபவம். சேர்த்தது, கருக்கலைப்புச் செய்தவள் வாழ்நாள் முழுதும் அழுதுகொண்டே இருப்பாள் என்று எதிர்த்தரப்பினர் காலங்காலமாகச் சொல்லிவரும் வாசகம்.

இப்படிச் சொல்வதால், வருந்துகிறவர்களின் வாயை அடைக்க வேண்டும் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். உண்மையாகவே வருந்துகிற பெண் தன் வருத்தத்தை எழுதட்டும். அதையும் ஒரு வரி குறைக்காமல் வெளியிடுங்கள். என் கதையைக் கேட்ட அதே அமைப்பிடம் என் தோழி ஒருத்தியும் எழுதிக் கொடுத்தாள். படித்துக்கொண்டிருந்த காலத்தில் எதிர்பாராமல் கருவுற்று, கலைக்கும் வாய்ப்பு இருந்தும் பெற்றுக்கொள்ள முடிவெடுத்து, இன்று அந்தப் பிள்ளையை வளர்த்து வருபவள் அவள். சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேர் கலைக்கச் சொல்லியும், மீதிப்பேர் அவசரமாகக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லியும் நெருக்கினார்கள். இரண்டையும் மறுத்துத் தன் விருப்பப்படி நின்றாள். அவள் கதை எதிர்த்தரப்புக்குப் பயன்பட்டுவிடும் என்று திருப்பியனுப்பப்பட்டது. நானும் அவளும் வேறுவேறு முடிவெடுத்தவர்கள்தான். ஆனால் எங்கள் வாழ்க்கை குறித்த முடிவை நாங்களே எடுத்தோம் என்பதில் இருவரும் ஒன்று. இருவரையும் அருகருகே அச்சிட்டிருந்தால், நீங்கள் எத்தனையோ பக்கங்களில் விளக்க முயலும் உரிமை என்னவென்று வாசகருக்கு அந்த இரண்டு கதைகளிலேயே புரிந்திருக்கும். பிள்ளையைப் பெற்றுத் தத்துக் கொடுத்தவர்களையும், கட்டாயப்படுத்திக் கலைக்கவைக்கப்பட்டவர்களையும் இதே காரணத்துக்காகவே நீங்கள் ஒதுக்கிவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். பிறர் நெருக்கியதால் கலைத்தவளின் வலியை நாம் பேச மறுத்தால், அதைப் பேசுவதற்கு அவள் போகும் இடம் நம்முடையதாக இருக்காது.

உங்கள் தரப்பின் நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். கடுமையான எதிர்ப்புக்கு நடுவே, மிரட்டல்களைத் தாங்கிக்கொண்டு, குறைந்த ஆட்களுடன் வேலை செய்கிறீர்கள். கல்நெஞ்சையும் கரைக்கும் கதையை முன்னிறுத்தினால் கொஞ்சமேனும் இடம் கிடைக்கும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் அந்த இடம் ஒரு நிபந்தனையோடு கிடைக்கிறது. நல்ல பெண், பாதிக்கப்பட்ட பெண், மனம் வருந்துகிற பெண் ஆகியோருக்கு மன்னிப்பு, மற்றவர்களுக்குப் பழைய ஏச்சே என்பது அந்த நிபந்தனை. மன்னிக்கப்பட்டவள்கூடத் தன் காயத்தை ஊராருக்குத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டித்தான் அந்த மன்னிப்பைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். வன்புணர்வுக்கு ஆளான பெண்ணொருத்தி, ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே விவரிக்கச் சொல்லி அழைக்கிறார்கள், முடியாது என்றால் இயக்கத்தைக் கைவிட்டதுபோலப் பார்க்கிறார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். உங்கள் அடுத்த தொகுப்பு முழுவதும் அவளைப் போன்றவர்களின் தோளில்தான் ஏறப்போகிறது.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தொகுப்பை மூன்று சூழல்களுக்குள் அடைக்கும் அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். எந்தச் சூழலில் கருவுற்றவராயினும், எந்த முடிவை எடுத்தவராயினும் எழுதலாம் என்று அறிவியுங்கள். கலைத்தவர், பெற்று வளர்ப்பவர், தத்துக் கொடுத்தவர், நெருக்குதலுக்கு ஆளானவர், வருந்துகிறவர், வருந்தாதவர் ஆகிய அனைவருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். காரணம் சொல்ல விரும்பாதவரிடம் காரணம் கேட்காதீர்கள்; கேட்கும் படிவங்களிலிருந்து அந்தக் கேள்வியை நீக்குங்கள்.

எழுத்துப்பிழை திருத்துவதற்கு மேல் எதைச் செய்தாலும், அந்தந்த வரியைத் தனியே காட்டி எழுதியவரின் ஒப்புதலைப் பெறுங்கள். அவர் உணராத உணர்ச்சியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே வெளிவந்த தொகுப்புகளில் அப்படிச் சேர்த்திருந்தால், எழுதியவர்களைத் தனித்தனியே, பிறர் அறியாதபடி தொடர்புகொண்டு, அவர்கள் விரும்பினால் திருத்திய வடிவத்தை வெளியிடுங்கள். என்னுடையதை நான் எழுதியபடியே வெளியிடலாம். முடியாதெனில் உங்களிடமுள்ள படிகளை அழித்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். என் தோழியின் கதையை மறுபடியும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அவள் தரச் சம்மதிக்கிறாள்.

கடைசியாக, கதை சொல்பவரின் பாதுகாப்பை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்பைத் தண்டிக்கும் சட்டங்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கின்றன. சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் வேலையையும் உறவையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். எழுதியவரின் பெயர், தொலைபேசி எண், மருத்துவ விவரம் ஆகியவற்றை யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதைக் கதையைக் கேட்கும்போதே எழுத்தில் கொடுங்கள். ஊர், தொழில், குழந்தைகளின் வயது போன்ற அடையாளங்களில் எவற்றை மாற்றுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். வேறோர் இதழிலோ கூட்டத்திலோ அதே கதையைப் பயன்படுத்த நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக அனுமதி கேளுங்கள்; அச்சுக்குப் போகும் கடைசி நாள் வரை காரணம் சொல்லாமல் கதையைத் திரும்பப் பெறும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். வெளியான பின் ஏச்சும் மிரட்டலும் வந்தால் அவர் உடனே பேசுவதற்கு உங்கள் அமைப்பில் ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, அவரது பெயரைக் கதை எழுதித் தருபவருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள்.